உடம்பு போடும் கணக்கு

டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படிக்கிற யாரிடம், கற்றலை யார் எந்த விலங்கை வைத்து ஆராய்ந்தார் என்று கேட்டாலும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். பாவ்லவ் என்றால் நாய், தார்ண்டைக் என்றால் பூனை, ஸ்கின்னர் என்றால் எலி, கோலர் என்றால் சிம்பன்ஸி. ஒரு மதிப்பெண் கேள்விக்கு இது போதும். பாலக்கோட்டில் நான் எடுக்கும் மாலை வகுப்பிலும் இதைத்தான் முதலில் போர்டில் எழுதிப் போடுகிறேன், ஏனென்றால் வருகிறவர்களுக்கு வேலை வேண்டும், வேலைக்கு மதிப்பெண் வேண்டும். ஆனால் நாளைக்குப் பிள்ளைகள் முன்னால் நிற்கப்போகிற ஒருவர் ‘மணி அடித்தால் நாய்க்கு எச்சில் ஊறும்’ என்ற ஒற்றை வரியோடு பாவ்லவை முடித்துக்கொண்டு போனால் எனக்கு மனசு ஆறுவதில்லை. அடுத்து என்ன வரப்போகிறது என்று நம் உடம்பு நம்மைக் கேட்காமலே ஒரு கணக்குப் போட்டு வைத்துக்கொள்கிறது, அந்தக் கணக்கை வாய்ப்பேச்சால் மாற்ற முடியாது என்பதுதான் அந்த வரிக்குள் இருக்கிற விஷயம். அதைக் கொஞ்சம் நிதானமாக எழுதிப் பார்க்கிறேன்.

பாவ்லவ் மனோதத்துவம் படித்தவரே இல்லை. செரிமானத்தை ஆராய்ந்த ரஷ்ய உடலியல் அறிஞர். 1904இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததும் அந்த ஆராய்ச்சிக்குத்தான். நாயின் கன்னத்தில் சின்னதாக ஓர் அறுவை செய்து, எச்சில் வெளியே குழாயில் விழும்படி வைத்து, எந்த உணவுக்கு எத்தனை சொட்டு என்று எண்ணிக்கொண்டிருந்தவருக்கு ஒரு தொல்லை வந்தது. ஆய்வகத்துக்குப் பழகிப்போன நாய்களுக்கு உணவு வாயில் படுவதற்கு முன்பே, தட்டைப் பார்த்ததும், உணவு கொண்டுவரும் ஆளின் காலடிச் சத்தம் கேட்டதும் எச்சில் வந்துவிட்டது. அளவெல்லாம் கெட்டுப்போகிறதே என்று எரிச்சல்பட்டு ஒதுக்கியிருக்கலாம். அவர் அந்தத் தொல்லையையே கையில் எடுத்துக்கொண்டு, 1936இல் இறக்கும் வரைக்கும் அதன் பின்னாலேயே போனார். நம் புத்தகங்களில் மணியைத்தான் படம் போட்டிருப்பார்கள். தாளம் தட்டும் மெட்ரோனோம், மின்சார பஸ்ஸர், விளக்கு வெளிச்சம், தோலில் ஒரு தொடுதல் என்று அவருடைய ஆய்வகம் பலதையும் பயன்படுத்தியது. எதுவானாலும் சரி, ஆரம்பத்தில் அதற்கும் எச்சிலுக்கும் சம்பந்தம் இருக்கக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை.

வகுப்பில் இந்த இடத்துக்கு வந்ததும் நான் நாயை விட்டுவிட்டு மாட்டுக்குப் போய்விடுவேன். எங்கள் பக்கம் மாடு இல்லாத வீடு குறைவு, சொஸைட்டிக்குப் பால் ஊற்றாத தெருவும் குறைவு, அதனால் உடனே புரிந்துவிடும். கன்று முட்டி ஊட்டினால் மாடு பால் சுரப்பு விடும். காம்பில் படுகிற அந்தத் தொடுதல் நரம்பு வழியாக மூளைக்குப் போய், ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் இறங்கி, மடிக்குள் இருக்கிற நுண்ணிய தசைகளைச் சுருங்க வைத்துப் பாலைக் கீழே தள்ளுகிறது. இதை யாரும் மாட்டுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. கன்று ஊட்டுவது இயற்கைத் தூண்டல், பால் இறங்குவது இயற்கைத் துலங்கல். இப்போது அம்மா பால் கறக்க வருவதைப் பாருங்கள். விடியற்காலையில் எவர்சில்வர் வாளியைக் கழுவும் சத்தம், தவிடும் புண்ணாக்கும் கலக்கும் வாசனை, அப்புறம் அம்மாவின் தொண்டைச் செருமல். எங்கள் கலப்பின மாட்டுக்கு இதுவே போதும், கை வைப்பதற்கு முன்னாலேயே காம்பில் பால் சொட்டத் தொடங்கிவிடும். வாளிச் சத்தத்தில் பாலைச் சுரக்க வைக்கிற சக்தி எதுவும் கிடையாது. அது வந்தால் அடுத்து கறவை வரும் என்று மாட்டின் உடம்பு கற்றுக்கொண்டதால் அதற்கு அந்தச் சக்தி வந்தது. இதுதான் செயற்கைத் தூண்டல், இதற்கு வரும் துலங்கல் ஆக்கநிலையுற்ற துலங்கல். இப்படி உடம்பு கற்றுக்கொள்வதற்குப் பெயர்தான் ஆக்கநிலையுறுத்தம். பென்னாகரம் பக்கத்து ஆலம்பாடி போன்ற நாட்டு மாடுகள் கன்றை விடாமல் சாமானியமாகப் பால் விடாது, கலப்பினம்தான் சத்தத்துக்கும் ஆளுக்கும் இவ்வளவு சுலபமாகப் பழகும். அம்மா ஊருக்குப் போன அன்று வேறு ஆள் உட்கார்ந்தால், இல்லை ஒரு நாய் குறுக்கே குரைத்துக்கொண்டு ஓடினால், மாடு பாலை அடக்கிக்கொள்ளும். மிரட்சியில் சுரக்கும் அட்ரினலின் அந்தப் பால் இறக்கத்தைத் தடுத்துவிடுகிறது. இதெல்லாம் மாட்டின் பிடிவாதம் என்று திட்டுகிறவர்களுக்கு நான் ஒவ்வொரு தடவையும் இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

வாளிச் சத்தம் முன்னால் வரவேண்டும், அதையும் கவனியுங்கள். கறந்து முடித்த பிறகு வாளியைத் தட்டினால் மாட்டுக்கு அதனால் தெரிய வருவது ஒன்றுமில்லை.

இங்கேதான் புத்தகங்கள் ஒரு முக்கியமான இடத்தைத் தாண்டிப் போய்விடுகின்றன. இரண்டு விஷயம் திரும்பத் திரும்பச் சேர்ந்து வந்தால் போதும், உடம்பு கற்றுக்கொள்ளும் என்று எழுதி நிறுத்திவிடுகிறார்கள். 1968இல் ராபர்ட் ரெஸ்கார்லா என்ற உளவியல் ஆய்வாளர் செய்த சோதனை அது போதாது என்று காட்டியது. எலிகளுக்கு ஓர் ஒலியைக் கேட்க வைத்து, அந்த ஒலியின்போது லேசான மின்சார ஷாக் கொடுத்தார். ஒரு கூட்டத்துக்கு ஒலி இல்லாத நேரத்தில் ஷாக்கே கிடையாது. இன்னொரு கூட்டத்துக்கு ஒலி கேட்கும்போது எவ்வளவு அடிக்கடி ஷாக் விழுந்ததோ அதே அளவு ஒலி இல்லாதபோதும் விழுந்தது. ஒலியும் ஷாக்கும் சேர்ந்து வந்த அளவில் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்லை. ஆனாலும் முதல் கூட்டம் அந்த ஒலியைக் கேட்டதும் பயந்தது, இரண்டாவது கூட்டம் அதைச் சட்டை செய்யவில்லை. ஏன் செய்யவேண்டும்? ஒலி வந்தாலும் அடி, வராவிட்டாலும் அடி என்றால் அந்த ஒலியால் தெரிய வருவது எதுவும் இல்லையே. எங்கள் தெருவில் ராத்திரி முழுக்க நாய்கள் குரைக்கும், யாரும் புரண்டு படுப்பதுகூட இல்லை. காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பில் காவல் குடிசையில் படுத்திருக்கிறவருக்கு, எப்போதாவது மட்டும் குரைக்கிற அந்த ஒரு நாய் குரைத்தால் நெஞ்சு படபடக்கும். குரைப்பு இரண்டு இடத்திலும் ஒன்றுதான், அதிலிருந்து தெரிய வருவது வேறு. பின்னால் 1972இல் ரெஸ்கார்லாவும் ஆலன் வாக்னரும் சேர்ந்து இதை ஒரு சமன்பாடாகவே எழுதினார்கள். எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் எவ்வளவு இடைவெளியோ அவ்வளவு கற்றல் நடக்கும், எதிர்பார்த்தபடியே எல்லாம் நடந்தால் புதிதாகக் கற்க ஒன்றும் இல்லை. எலியின் உடம்புகூட இவ்வளவு நுட்பமாகக் கணக்குப் போடுகிறது என்று படித்தபோது எனக்கு இந்தப் பாடத்தின் மேலேயே ஒரு மரியாதை வந்தது.

யானையை வைத்து அடிக்கடி ஒரு கேள்வி வரும், அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி பக்கம் ராகி முற்றுகிற மாதங்களில் கர்நாடகக் காட்டிலிருந்து யானைக் கூட்டம் இறங்கும். முதலில் ஒரு வெடிக்குத் திரும்பி ஓடும். போகப்போகப் பட்டாசு வெடித்தாலும் நின்று மேய்ந்துவிட்டுப் போகும். இது ஆக்கநிலையுறுத்தத்துக்குப் பக்கத்து வீடு, ஆனால் வேறு வீடு. பெரிய சத்தத்துக்கு மிரளுவது பிறவியிலேயே இருப்பது, சத்தத்துக்குப் பின்னால் எதுவும் வராததால் அந்த மிரட்சி தேய்ந்துபோகிறது. பழகிப்போதல் என்று தனியாகப் படிக்கவேண்டிய பாடம் அது.

சரி, எத்தனை தடவை சேர்ந்து வந்தால் உடம்பு கற்றுக்கொள்ளும்? எச்சிலுக்குப் பல தடவை வேண்டும். சாப்பாட்டு விஷயத்தில் ஒரே ஒரு தடவை போதும், அதுவும் இரண்டுக்கும் நடுவில் மணிக்கணக்கில் இடைவெளி இருந்தாலும். கிருஷ்ணகிரியில் மாந்தோப்பு வீட்டில் பிறந்த என் தோழி ஒருத்தி மாம்பழம் சாப்பிட மாட்டாள். சின்ன வயதில் ஒருநாள் வயிறு முட்ட மாம்பழம் தின்றாள், அன்று ராத்திரி வயிற்றுப்போக்கும் வாந்தியும். வீட்டில் பழம் சாப்பிடாதவர்களுக்கும் அதே வாந்தி, பழத்தின் மேல் தப்பே இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். இன்றைக்கும் ஜூன் மாதத்தில் மாங்கூழ் தொழிற்சாலைப் பக்கம் வண்டி போனால் அவள் மூக்கைப் பொத்திக்கொள்வாள்.

இதை ஆராய்ந்தவர் ஜான் கார்சியா. 1955இலேயே எலிகளுக்குச் சாக்கரின் கலந்த இனிப்புத் தண்ணீர் கொடுத்து, கதிர்வீச்சால் உடம்பு சுகமில்லாமல் ஆக்கி, அப்புறம் அவை அந்த இனிப்பைத் தொடாமல் விடுவதைக் காட்டினார். 1966இல் ராபர்ட் கோலிங்கோடு சேர்ந்து செய்தது இன்னும் அழகானது. எலி நக்கும்போதெல்லாம் தண்ணீர் இனிக்கும், அதோடு வெளிச்சமும் டக் டக் என்ற சத்தமும் வரும். அப்புறம் சில எலிகளுக்கு வயிற்றைப் புரட்ட வைத்தார்கள், சிலவற்றுக்கு ஷாக் கொடுத்தார்கள். வயிறு புரண்ட எலிகள் இனிப்பை ஒதுக்கின, வெளிச்சத்தைக் கண்டுகொள்ளவில்லை. ஷாக் வாங்கிய எலிகள் வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் பயந்தன, இனிப்பைப் பொருட்படுத்தவில்லை. எதை எதோடு வேண்டுமானாலும் சேர்த்துவிடலாம் என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தவர்களுக்கு இதை ஏற்கவே கஷ்டமாக இருந்தது. வயிறு கெட்டால் தின்றதைச் சந்தேகப்படு, வெளியே அடிபட்டால் பார்த்ததையும் கேட்டதையும் சந்தேகப்படு என்று உடம்பு முன்கூட்டியே ஒரு சாய்வோடுதான் பிறக்கிறது.

இதை நான் இவ்வளவு நீட்டி எழுதுவதற்குக் காரணம் என் பெரியம்மா. புற்றுநோய்க்குக் கீமோ ஏற்றிக்கொள்ள பெங்களூருக்குப் போய் வந்துகொண்டிருந்தார். முதல் சில தடவை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகுதான் வாந்தி. அப்புறம் ஆஸ்பத்திரி வாசலிலேயே வர ஆரம்பித்தது. கடைசியில் பஸ் ஓசூரைத் தாண்டியதுமே குமட்டும். மருந்து இன்னும் உடம்புக்குள் போகவே இல்லை. ‘எல்லாம் மனசுதான், நீயே வரவழைச்சுக்கறே’ என்று வீட்டிலேயே ஒருவர் சொன்னதைக் கேட்டுவிட்டுப் பெரியம்மா அன்று முழுக்கப் பேசவில்லை. அது அவர் வரவழைத்தது இல்லை. ஓசூர் வந்தால் அடுத்து என்ன என்று அவருடைய உடம்பு சரியாகவே கற்றிருந்தது. மருத்துவத்தில் இதற்குத் தனிப் பெயரும் சிகிச்சையும் உண்டு. டாக்டரிடம் வெளிப்படையாகச் சொன்னதும் வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே போட்டுக்கொள்ள மாத்திரை கொடுத்தார், கொஞ்சம் நிம்மதி கிடைத்தது. முதல் தடவையிலேயே வாந்தியை நன்றாகக் கட்டுப்படுத்திவிட்டால் இந்தக் கற்றல் நடப்பதே குறையும் என்பதால், ஆரம்பத்திலேயே கூச்சப்படாமல் சொல்வது நல்லது. இன்னொன்று, தெம்பாகப் போகட்டும் என்று கீமோ அன்று காலையில் நோயாளிக்கு மிகவும் பிடித்ததைச் செய்து கொடுத்து அனுப்புவோம் இல்லையா, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 1978இல் ஐலீன் பெர்ன்ஸ்டைன் கீமோ எடுத்த குழந்தைகளுக்கு முன்னதாக ஒரு புதுச் சுவை ஐஸ்கிரீம் கொடுத்துப் பார்த்தார். பிறகு அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் அதே ஐஸ்கிரீமை வேண்டாம் என்று தள்ளினார்கள். பிடித்த சாப்பாட்டை உடம்பு நன்றாக இருக்கும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பயத்துக்கு வருகிறேன். பாலக்கோட்டு மார்க்கெட்டிலிருந்து சேலத்துக்குத் தக்காளி லோடு ஓட்டுகிற என் மாமாவின் வண்டியை, தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பின்னால் பிரேக் பிடிக்காமல் வந்த லாரி ஒன்று இடித்துத் தள்ளியது. அந்த இறக்கம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். டீசல் மிச்சம் என்று சிலர் நியூட்ரலில் இறக்குவார்கள், பிரேக்கையே மிதித்து மிதித்து லைனர் சூடேறிக் கருகும், கடைசியில் பிடிக்காமலே போகும். மாமாவுக்கு விலா எலும்பு முறிந்தது, அது கூடிவிட்டது. லைனர் கருகும் வாசனை மட்டும் அவரை விடவில்லை. மூக்கில் பட்டால் கை நடுங்கும், சட்டை நனைந்துவிடும். அப்புறம் அது பரவியது. தருமபுரி பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏர் பிரேக்கை விடுகிற ‘புஸ்’ சத்தத்துக்கும் திடுக்கிட ஆரம்பித்தார். புத்தகத்தில் இதற்குப் பொதுமைப்படுத்தல் என்று பெயர். 1920இல் ஜான் வாட்சனும் ரோசலி ரேனரும் ஆல்பர்ட் என்ற பதினோரு மாதக் குழந்தையிடம் இதைத்தான் செய்துகாட்டினார்கள். குழந்தை வெள்ளை எலியைத் தொடப் போகும்போதெல்லாம் பின்னால் இரும்புத் தண்டில் சுத்தியலால் அடித்தார்கள். கொஞ்ச நாளில் எலியைக் கண்டாலே அழுதது, அப்புறம் முயல், நாய், ரோமக் கோட்டு என்று பயம் நீண்டது. அந்தப் பயத்தை எடுத்துவிடாமலே குழந்தையை அனுப்பிவிட்டார்கள். அதை ஒரு சாதனையாக எழுதிவைத்திருக்கும் பாடநூல்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

மாமாவுக்கு ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். தாயத்து கட்டினார்கள், ஆம்பளை இப்படிப் பயப்படலாமா என்றார்கள். அவர் என்னிடம் சொன்னது இதுதான்: ‘மண்டைக்குத் தெரியுதும்மா, ஒடம்பு கேக்க மாட்டேங்குது.’ நான் இத்தனை வருஷம் நடத்திய பாடத்தை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. அவர் தொப்பூரைத் தவிர்த்து அரூர் சுற்றிப் போக ஆரம்பித்தார், டீசல் கட்டுப்படியாகவில்லை என்பது ஒருபக்கம். சுற்றிப் போகிற வரைக்கும், அந்த வாசனைக்குப் பிறகு ஒன்றும் நடக்காமல் போகும் வாய்ப்பை அவருடைய உடம்பு ஒருதடவைகூடப் பார்க்காது. அப்படிப் பார்க்காத பயம் தேயவே தேயாது.

இதற்கு வழி 1924லேயே கிடைத்துவிட்டது. மேரி கவர் ஜோன்ஸ், முயலுக்குப் பயந்த பீட்டர் என்ற சின்னப் பையனை, அவன் பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது முயல் கூண்டைத் தூரத்தில் வைத்து, அவன் தாங்குகிற அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் கொண்டுவந்தார். கடைசியில் பீட்டர் முயலைத் தடவிக்கொடுத்தான். மாமாவை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டியபோது அவர்கள் சொன்ன முறைக்கும் வேர் இதுதான். முதலில் கணவாய்க்குக் கீழே டீக்கடையில் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தார். அப்புறம் மகன் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து இறங்கினார். அப்புறம் பகலில் வெறும் வண்டி, அதற்கப்புறம்தான் லோடு. நடுவில் பயம் ஏறினால் ஓடிவிடாமல், அது தானாக இறங்கும் வரை அங்கேயே இருக்கவேண்டும் என்பதுதான் அதில் கஷ்டமான பகுதி.

சில மாதம் நன்றாகப் போனது. அப்புறம் ஒரு மழை ராத்திரி, அதே வாசனை, அதே நடுக்கம். எல்லாம் வீணாகிவிட்டது என்று வீட்டில் அழுகை. மாமா அழவில்லை, ஏனென்றால் இப்படி ஒருநாள் வரும் என்று அங்கே முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். பாவ்லவே இதைப் பார்த்திருக்கிறார். மெட்ரோனோம் அடித்து உணவு கொடுக்காமல் விட்டுக்கொண்டே இருந்தால் எச்சில் குறைந்து நின்றுவிடும், அதற்குப் பெயர் மறைதல். ஆனால் கொஞ்ச நேரம் சும்மா விட்டுவிட்டு மறுபடி அடித்தால் எச்சில் திரும்ப வரும். மறைதல் என்ற பெயரை வைத்துப் பழையது அழிந்துவிட்டதாக நினைத்துவிடக் கூடாது. ஊருக்கு வெளியே பைபாஸ் போட்டாலும் ஊருக்குள் போகிற பழைய ரோடு இருக்கத்தானே செய்கிறது, அப்படி இருக்கும். மார்க் பவுட்டன் என்ற ஆய்வாளர் பல வருஷம் இதையே ஆராய்ந்து, பயம் வேண்டாம் என்று புதிதாகக் கற்றது அதைக் கற்ற இடத்தோடு ஒட்டிக்கொள்கிறது, இடம் மாறினால் பழைய பயம் தலைகாட்டும் என்று காட்டினார். அதனால் பகலில் மட்டும் பழகினால் போதாது. ராத்திரி, மழை, தனியாக என்று பல விதத்திலும் பழகவேண்டும்.

பாவ்லவின் ஆய்வகத்தில் இன்னொரு சம்பவம் உண்டு. 1924 செப்டம்பரில் லெனின்கிராடில் வெள்ளம் வந்து நாய்க் கூண்டுகளுக்குள் தண்ணீர் ஏறியது. நாய்களைத் தண்ணீரில் நீந்த வைத்துத்தான் மீட்டார்கள். அதற்குப் பிறகு சில நாய்களிடம் அதுவரை கற்றதெல்லாம் காணாமல் போனது, பொறுமையாகத் திரும்பக் கொண்டுவர நாள் பிடித்தது. எல்லாம் சரியான பிறகு, கதவுக்கு அடியில் கொஞ்சம் தண்ணீரைக் கசியவிட்டுப் பார்த்தார்கள். தேறியிருந்த நாய் மறுபடியும் கலங்கிவிட்டது. தேறி வந்த மனிதர்களிடம் ‘இன்னுமா?’ என்று கேட்கிறவர்கள் அந்த நாயை ஒருமுறை நினைத்துப் பார்க்கவேண்டும்.

என்னிடம் படிக்க வருகிறவர்கள் நாளைக்கு ஆசிரியர்கள். அடிப்பது 2009 கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி தடை என்று எல்லாருக்கும் மனப்பாடம். ‘நான் அடிக்கவே மாட்டேங்க, மேஜை மேல குச்சி இருந்தா போதும், அமைதியா இருப்பாங்க’ என்று பெருமையாகச் சொல்கிறவர்களும் உண்டு. குச்சியைப் பார்த்ததும் பிள்ளை அடங்குகிறது என்றால், குச்சிக்குப் பின்னால் வலி வரும் என்று எங்கோ, யாரிடமோ அது ஏற்கெனவே கற்றிருக்கிறது. அந்தப் பயம் குச்சியோடு நிற்காது. குச்சி இருக்கும் பீரியட், அந்த பீரியடின் புத்தகம், புத்தகத்திலிருக்கும் பின்னக் கணக்கு என்று ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு போகும். அப்புறம் அந்தப் பிள்ளைக்குக் கணக்கு வரவில்லை என்று ரிப்போர்ட் எழுதுவோம். திங்கட்கிழமை காலையில் வயிறு வலிக்கிறது என்று அழும் பிள்ளை நடிப்பதாக முடிவு கட்டும் முன், அதற்கு நிஜமாகவே வலிக்கலாம் என்று நினைத்துப் பாருங்கள்.

அப்படி ஒரு பிள்ளை வகுப்பில் இருந்தால் நான் சொல்வது ஜோன்ஸ் வழிதான். நிச்சயம் போடத் தெரிந்த கணக்கிலிருந்து தொடங்குங்கள். குச்சியை அறையிலிருந்தே எடுத்துவிடுங்கள். பயமில்லாத இரண்டு பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வையுங்கள், பீட்டர் பக்கத்திலும் அப்படிப் பிள்ளைகள் இருந்தார்கள். வகுப்பில் சரியானதும் மரத்தடியில், போர்டு முன்னால், வேறு டீச்சர் இருக்கும்போது என்று இடத்தை மாற்றி மாற்றிப் போட வையுங்கள். மார்ச்சுக்குள் அந்தப் பிள்ளை தானாகக் கை தூக்கும், உங்களுக்கும் சந்தோஷமாக இருக்கும். கோடை விடுமுறை முடிந்து ஜூனில் திரும்பி வரும்போது பழைய பயமும் கூடவே வந்து நிற்கலாம். அன்று மனசு விட்டுவிடாமல் மறுபடி அந்தச் சின்னக் கணக்கிலிருந்தே ஆரம்பியுங்கள். திரும்பி வந்த துலங்கல் முதல் தடவையைவிட இரண்டாவது தடவை சீக்கிரமாகத் தணியும் என்பதையும் பாவ்லவின் நாய்களிடமிருந்துதான் தெரிந்துகொண்டோம்.